உயிர் மீண்ட பிள்ளையும் பெற்றோரும்: தமிழிலக்கிய மரபில் ஒரு மௌனம்

தமிழர் சமூகத்தில் சாவு ஓர் ஒழுங்குடைய நிகழ்ச்சியாகும். ஒரு வீட்டில் பிள்ளை இறந்தால் அயலார் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் உலை வைக்கப்படுவதில்லை. சோறு அயலிலிருந்து வரும். பெண்கள் தாயைக் கட்டிப்பிடித்து அழுவர். ஆண்கள் தகப்பனுக்கு அருகில் பேசாது அமர்ந்திருப்பர். எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் எனத் துயரத்துக்கு நாள்வரையறையும் உண்டு. துக்கம் விசாரித்தல் என்ற தொடரே ஒரு சமூகக் கடமையின் பெயராகும்.

அதே வீட்டில் பிள்ளை தன் உயிரை மாய்க்க முயன்று, காப்பாற்றப்பட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தால் நடப்பது யாது? எவரும் வருவதில்லை. பெற்றோரும் எவரும் வராதிருப்பதையே விரும்புகின்றனர். வாய்விட்டு அழவும் இயலாது. உயிரோடிருக்கும் பிள்ளைக்காக ஒப்பாரி வைப்பது அமங்கலம். உயிர் தப்பியதற்காக மகிழவும் இயலாது. செத்தவீட்டுக்கு உரிய துயரத்தில் ஒரு பங்கு அவர்களிடம் இருக்கின்றது. செத்தவீட்டுக்கு உரிய ஆதரவில் ஒரு துளியும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. இந்நிலையில் உள்ள தாய் தந்தையருக்கு எமது மொழியில் ஒரு பெயரில்லை. அவர்களை விசாரிக்கச் செல்வதற்கு ஒரு சடங்கில்லை. அவர்களைப் பேசுவதற்கு ஓர் இலக்கிய வகையும் உருவாகவில்லை. இம் மூன்று இன்மைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையன. இலக்கியத்தில் உள்ள இன்மையை விளக்கப் புகுவோர் சமூகத்தில் உள்ள இன்மையையும் விளக்கியாக வேண்டும்.

ஓர் இலக்கியக் கருவைக் காலந்தோறும் தொடர்ந்து சென்று, அதன் மாற்றங்களில் சமூக உறவுகளின் மாற்றங்களைக் காணும் முறையைக் கைலாசபதி 'அடியும் முடியும்' (1970) என்ற நூலில் கையாண்டார். இங்கு எமது பணி சற்று வேறுபட்டது. கருவை அன்றி, அது வந்திருக்க வேண்டிய இடத்தில் வராதுபோனதை நாம் தொடர வேண்டியிருக்கின்றது.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில், மாடலன் என்னும் மறையோன் செங்குட்டுவனிடம் சில செய்திகளைக் கூறுகின்றான். கோவலனும் கண்ணகியும் என்னவாயினர் என்பதை வாசகர் ஏற்கெனவே அறிவர். அவர்களைப் பெற்றோரும் காத்தோரும் என்னவாயினர் என்பதே இங்கு கூறப்படுகின்றது. கோவலனின் தந்தை மாசாத்துவான் தன் செல்வத்தைத் தானமாக வழங்கிவிட்டுப் பௌத்தத் துறவியரைச் சேர்கின்றான். தாய் துயர் தாளாது இறக்கின்றாள். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகத் துறவியரை அடைகின்றான், தாய் இறக்கின்றாள். மதுரையில் கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற இடைக்குலத்து மாதரி, அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயில் புகுகின்றாள். அவர்களை அழைத்துவந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கின்றார்.

கோவலன் தன்னுயிரைத் தானே மாய்த்தவன் அல்லன் என்பது உண்மையே. எனினும், காக்க வேண்டியவரைக் காக்கத் தவறியோரின் குற்றவுணர்வு தமிழிலக்கியத்தில் இவ்வளவு செறிவாக வேறெங்கும் கூறப்பட்டதாகக் கொள்வதற்கில்லை. இந்த ஆறு பேரில் ஒருவர்கூட, நடந்ததை நெஞ்சில் தாங்கிக்கொண்டு அதே வீட்டில் மறுநாளும் வாழ்வதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இறத்தல், துறத்தல் என்ற இரண்டு வழிகளையே காப்பியம் அறிந்திருக்கின்றது. அவ்விரண்டும்கூடப் பால்வழியாகவும் வர்க்கவழியாகவும் பங்கிடப்பட்டுள்ளன. தாய்மார் இறக்கின்றனர், தந்தையர் வெளியேறுகின்றனர். மாசாத்துவானும் மாநாய்கனும் பெருவணிகர். துறப்பதற்கு அவர்களிடம் பொருள் இருந்தது. துறவுக்கும் முதல் வேண்டும். மோர் விற்று வாழ்ந்த மாதரியிடம் துறப்பதற்கு உடலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

இப் பங்கீடு புகாரோடு முடிந்துபோன ஒன்றன்று. இன்று கொழும்பில் இத்தகைய துயர் நேர்ந்த வீடுகளிலும் 'வளர்ப்புப் பிழை' என்ற சொல் தாயை நோக்கியே வீசப்படுகின்றது. தந்தை வேலைக்குள்ளும் மௌனத்துக்குள்ளும் சென்றுவிடுகின்றார். அதுவும் ஒரு துறவுதான். ஆனால் மாதச் சம்பளத்துக்கு உட்பட்ட துறவு.

உயிர் மீண்டவர் பற்றிய குறிப்புகள் மரபில் இல்லாமலில்லை. மணிமேகலையில் வரும் ஆதிரை, கணவன் சாதுவன் கடலில் இறந்தான் என்ற பொய்ச்செய்தி கேட்டுத் தீயில் இறங்குகின்றாள். தீ அவளைச் சுடவில்லை. அதன்பின் அவள் கற்பின் தெய்வமாகி விடுகின்றாள். அவளைப் பெற்றோருக்கு அந்தக் காதையில் இடமில்லை. சாவுக்கு முயன்றவளை மனித நிலையிலிருந்து உயர்த்திவிட்டால் அவளோடு எவரும் பேச வேண்டியதில்லை என்பது இதன் உட்கிடையாகும்.

பெரியபுராணத்துத் திலகவதியார் இதனினும் சிக்கலானவர். தந்தை புகழனார் இறக்கின்றார். தாய் மாதினியார் கணவனோடு உயிர் துறக்கின்றார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரில் மடிந்த செய்தி வருகின்றது. திலகவதியார் உயிர்விடத் துணிகின்றார். தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து, தாயும் தந்தையும் போனபின் உம்மையே அவர்களாகக் கருதி இருக்கின்றேன், நீரும் போவதானால் உமக்கு முன் நான் போவேன் என்கின்றார். தமக்கையார் தம்பிக்காக உயிர் தாங்குகின்றார். தம்பி பின்னர் அப்பர் ஆகின்றார். சைவ உரையாளர் இதனை அன்பின் உச்சமாகக் கொள்வர். அது அன்புதான், ஆனால் அன்பு இங்கு எடுத்துக்கொண்ட வடிவத்தையும் நோக்க வேண்டும். சாகத் துணிந்தவரிடம் அவருடைய துயரம் என்ன என்று கேட்கப்படவில்லை; இன்னொரு சாவு முன்வைக்கப்படுகின்றது. 'நீ செத்தால் நானும் செத்துப்போவன்' என்று இன்றும் எத்தனையோ தாய்மார் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொல்வது இதே வாதமாகும். அநாதையான ஒரு சிறுவனின் வாயில் அது இயல்பானது. பெற்றோரின் வாயில், ஏற்கெனவே தன்னைச் சுமையென எண்ணும் பிள்ளையின்மேல் ஏற்றப்படும் இன்னொரு சுமையாக அது மாறிவிடுகின்றது. சேக்கிழாரை நாம் குறைகூறவில்லை. அவர் காட்டிய ஒரு விதிவிலக்கான கணத்தை மரபு பொதுவிதியாக்கிக்கொண்டது என்பதே இங்கு சுட்டப்படுவது.

நவீன காலத்தில் சஞ்சிகைச் சிறுகதையும் திரைப்படமும் இக்கருவை வேறொரு தேவைக்குப் பயன்படுத்தின. மகளின் காதலைத் தந்தை மறுக்கின்றார், மகள் உயிரை மாய்க்க முயல்கின்றாள், வைத்தியர் கதவைத் திறந்து வந்து ஆபத்து நீங்கியது என்கின்றார், தந்தை கண்ணீருடன் சம்மதிக்கின்றார், கதை முடிகின்றது. பெற்றோரின் உண்மையான இடர்ப்பாடு எங்கே தொடங்குகின்றதோ அங்கேயே இக்கதை முடிந்துவிடுகின்றது. இச் சூத்திரத்தின் கருத்துநிலை எளியது: பெற்றோரின் ஒரு பிழை இதனை விளைவித்தது, பெற்றோரின் ஒரு சம்மதம் இதனைத் தீர்க்கும். தற்கொலை முயற்சி ஒற்றைக் காரணத்தால் விளைவதன்று என்பதை உளமருத்துவம் நெடுநாளாகக் கூறிவருகின்றது. உளநோய், இழப்பு, அவமானம், வன்முறை, கணநேரக் கொதிப்பு ஆகியவை பல விகிதங்களில் கலந்தே அது நேர்கின்றது. ஆயினும் சூத்திரத்தில் பயின்ற மனம் இரவு முழுதும் 'அந்த ஒரு பிழை'யைத் தேடிக்கொண்டிருக்கின்றது. நேற்றுப் பேசிய கடுஞ்சொல்லா, பறித்து வைத்த தொலைபேசியா, புள்ளி குறைந்ததற்கு ஏசியதா? சம்மதம் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற மறுபாதியும் தீங்கானதே. திரும்பி வந்த முதற்சில வாரங்களும் மாதங்களுமே மிகுந்த கவனத்துக்குரியவை.

முற்போக்கு விமர்சனம் இச் சூத்திரத்தைக் கண்டித்து வந்துள்ளது. ஆனால் அதன் இடத்தில் எதனை வைத்தது? 'சமூகமே குற்றவாளி' என்ற வாக்கியத்தை வைத்தது. அந்த வாக்கியம் பொய்யன்று. அதன் மூலங்களில் ஒன்று மார்க்சிடமே உள்ளது. 1846இல் ஜெர்மன் சஞ்சிகை ஒன்றில் அவர் தற்கொலை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பாரிஸ் பொலிஸ் ஆவணங்களைக் காத்த ஜாக் பெஷே என்பாரின் நினைவுக் குறிப்புகளிலிருந்து பகுதிகளைத் தெரிந்து, மொழிபெயர்த்து, இடையிடையே தம் கருத்துகளைச் சேர்த்த கட்டுரை அது. ஆங்கிலத்தில் அது தனி நூலாக 1999இல் வந்தது. மார்க்சின் பேரெழுத்துகளுக்குள் இது கவனிக்கப்படாது கிடந்தமை வியப்புக்குரியதன்று. கூலியும் மூலதனமும் அன்றி, குடும்பமே இதன் பொருளாகும்.

அதில் வரும் ஒரு நிகழ்ச்சியில், மணம் நிச்சயிக்கப்பட்ட தையற்காரன் மகள் ஒருத்தி மணமகன் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாட்காலை திரும்புகின்றாள். பெற்றோர் அவளை அயலார் கேட்க வசைபாடுகின்றனர், அயலாரும் சேர்ந்துகொள்கின்றனர். அவள் உயிரை மாய்த்துக்கொள்கின்றாள். வெளியுலகில் பணிந்து அடங்கி வாழும் எளியோர், பெற்றோர் என்ற அதிகாரம் கைக்கு வந்ததும் இரக்கமற்றவராகி, வெளியே இழந்ததை வீட்டினுள் ஈடுசெய்துகொள்கின்றனர் என்ற பொருள்படும் கூற்று இவ்விடத்தில் வருகின்றது. இது ஆழ்ந்த அவதானிப்பு. முதலாளியின் முன் குனிந்த முதுகு பிள்ளையின் முன் நிமிர்வதை நாம் அன்றாடம் காண்கின்றோம்.

ஆனால் அந்நிகழ்ச்சியின் முடிவைக் கவனிக்க வேண்டும். சில நாட்களின் பின் பெற்றோர் மகளின் நகைகளைக் கேட்டுப் பொலிஸ் அலுவலகத்துக்கு வருகின்றனர். அதிகாரி அவர்களைக் கடிந்துகொள்கின்றார். அத்தோடு அவர்கள் பிரதியிலிருந்து மறைகின்றனர். அவர்கள் நகையை ஏன் கேட்டனர், பேராசையா, மகளின் நினைவாக ஒன்றேனும் வேண்டும் என்ற தவிப்பா என்று எவரும் வினவவில்லை. குடும்பத்தின் கொடுங்கோன்மையை வெளிப்படுத்திய அதே பிரதி, பெற்றோருக்குக் குற்றவாளிக் கூண்டைத் தவிர வேறிடம் வழங்கவில்லை. மார்க்ஸ் 1883இல் இறந்தார். அவருடைய மகள்மாரில் எலினோர் 1898இலும், லோரா தம் கணவர் லபார்க்குடன் 1911இலும் தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டனர். தந்தை என்ற நிலையிலிருந்து அக்கட்டுரையை மீள எழுதும் நிர்ப்பந்தம் அவருக்கு நேரவில்லை.

சமூகமே குற்றவாளி என்ற வாக்கியம் பெற்றோரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட வேண்டிய வாக்கியம். நடைமுறையில் அது அவர்களைச் சமூகத்தின் பிரதிநிதிகளாக்கி மீண்டும் கூண்டில் ஏற்றுகின்றது. இதனைத் தாண்ட வேண்டுமாயின், அவர்களுடைய மௌனத்தின் பொருளியல் அடிப்படையைக் காண வேண்டும். அதற்குக் கொழும்பின் இரு பகுதிகளை எடுத்து நோக்கலாம்.

வெள்ளவத்தையில் 1983இல் எரிந்த வீடுகளின் தலைமுறைக்குப் பின், காலி வீதியின் இருபுறத்து ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகள் எழுந்தன. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்த குடும்பங்களும் வெளிநாட்டுப் பணமும் அவற்றை நிரப்பின. ஊரில் ஒரு குடும்பத்தின் மானம் காணி, கிணறு, கோயில் உபயம் முதலியவற்றால் தாங்கப்பட்டது. இங்கு அவை இல்லை. எஞ்சியிருப்பவை பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறும் கலியாணச் சந்தையில் குடும்பத்தின் பெயருமே. குடியேற்ற ஆட்சிக்கால எழுதுவினைஞர் உத்தியோகம் முதல் இன்றைய க.பொ.த. உயர்தரம் வரை, கல்வியே இவ்வர்க்கத்தின் பிரதான முதலாக இருந்துவந்துள்ளது. இந்நிலையில் மானம் வெறும் உணர்ச்சியன்று. அது ஒரு முதலீடு. இளைய பிள்ளையின் முயற்சி வெளியே தெரிந்தால் மூத்தவளின் பேச்சுக்கால் குழம்பும். 'குடும்பத்தில் ஏதும் வருத்தம் இருக்கோ' என்று தரகர் கேட்பார். சீதனத்தின் தொகை ஏறும். எனவே மறைக்கின்றனர். மறைப்பதற்காக கிளினிக்குக்குப் போவதையும் கைவிடுகின்றனர், அங்கே தெரிந்தவர் எவரேனும் கண்டுவிடுவர் என்ற அச்சத்தால். கொழும்புப் பேச்சில் அங்கொடை என்ற ஊர்ப்பெயர் நெடுங்காலம் ஒரு வசைச்சொல்லாக வழங்கியது. அங்குள்ள வைத்தியசாலை தேசிய மனநல நிறுவனம் எனப் பெயர் மாறிய பின்னும் அச்சொல்லின் நிழல் பெற்றோரின் காதிலிருந்து நீங்கவில்லை.

கொட்டாஞ்சேனையின் தோட்டங்களிலும் நெருங்கிய வீட்டு வரிசைகளிலும் இவ்வாறு மறைப்பது எளிதன்று. 1990 அம்புலன்ஸ் வந்து நின்றால் ஒழுங்கை முழுவதும் அறியும். அது அவமானத்தை விரைவாகப் பரப்புகின்றது என்பது மெய். ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கும் அயலாளும், இரவில் ஆஸ்பத்திரி வாசலில் தகப்பனோடு நிற்கும் அயலானும் அங்கேதான் உள்ளனர். வறுமையை இலட்சியப்படுத்துவது எமது நோக்கமன்று. தனிமை என்பது சதுர அடிக் கணக்கில் விலைக்கு வாங்கப்படும் ஒரு பண்டமாகிவிட்ட நகரத்தில், அதனை வாங்க இயலாதோரிடம் பழைய கூட்டுறவின் எச்சம் ஒன்று தங்கியிருக்கின்றது என்பதையே கூறுகின்றோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மதபேதமின்றிச் சனம் வருகின்றது. ஒரு தாய் அங்கே முழந்தாளிட்டு அழுதால் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. சமயத்தைப் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதியதை அபினி என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிக்கொண்ட நாம், துன்புற்றோருக்குச் சமயம் ஏன் தேவைப்படுகின்றது என்று அதே பந்தியில் அவர் கூறியதை ஆறுதலாக மீளப் படிக்கலாம். காரணம் கேட்கப்படாமல் அழுவதற்கு ஓர் இடம் என்பது சிறிய விடயமன்று.

பெற்றோரின் அச்சத்துக்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. தற்கொலைக்கு முயல்வதை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 302ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது. 1998இல் தான் அது நீக்கப்பட்டது. சட்டம் போய்க் கால் நூற்றாண்டு கடந்தபின்னும், ஆஸ்பத்திரியில் 'தவறுதலாக நடந்தது' என்று சொல்லும் பழக்கம் எஞ்சியிருக்கின்றது. அந்தப் பொய்யால் வைத்தியருக்குத் தெரிய வேண்டியது தெரியாமற் போகின்றது. சட்டநீக்கம் பற்றித் தமிழில் பெற்றோருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதே ஓர் ஆதரவுப் பணியாகும்.

இவற்றுக்கு அப்பால், பொருள்முதல்வாதிகள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இந்நாட்டின் அண்மை வரலாற்றில் உண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. போர் அப்போது முடியவில்லை; வறுமை ஒழியவில்லை; குடும்பங்கள் திடீரென அன்பு மிக்கனவாக மாறவுமில்லை. மிகக் கொடிய பூச்சிநாசினிகள் 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும் 2008க்குப் பின்னரும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையே முதன்மைக் காரணம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கணநேரக் கொதிப்பில் கைக்கு எட்டுவது எது என்பது உயிரைத் தீர்மானிக்கின்றது. அக்கணம் கடந்தால் பெரும்பான்மையோர் வாழ்கின்றனர். முயன்று தப்பியோரில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. 'இவள் இனி எப்போதாவது செய்துதான் முடிப்பாள்' என்ற விதிவாதத்தை இது உடைக்கின்றது. பெற்றோர் செய்யக்கூடிய முதற்காரியம் தம் கடந்தகாலப் பிழையைத் தோண்டுவதன்று, வீட்டிலுள்ள மருந்துகளையும் நச்சுப் பொருள்களையும் பூட்டி வைப்பது என்பதும் இதிலிருந்து பெறப்படும். இது அற்பமான காரியம்போலத் தோன்றலாம். தத்துவங்களைவிட இது பல உயிர்களைக் காத்திருக்கின்றது.

பெற்றோருக்கான ஆதரவும் இவ்வாறே பருமையானதாக இருக்க வேண்டும். தாய் ஒருத்தி இரவு பகலாகக் காவலிருந்து நொறுங்குவதை அன்பு என்று போற்றுவதற்குப் பதிலாக, சித்தியோ மாமாவோ இரண்டு இரவைப் பொறுப்பேற்பது ஆதரவு. கிளினிக்குக்குப் பிள்ளையோடு கூடச்செல்வது ஆதரவு. மீண்டும் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகின்றதா என்று பிள்ளையிடம் நேரே கேட்கலாம், கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை என்று பெற்றோருக்குத் தெரிவிப்பது ஆதரவு. எமது வீடுகளில் நிலவும் மிக ஆபத்தான மூடநம்பிக்கை, பேசினால் நினைவூட்டிவிடுவோம் என்பதே. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளையை எவரும் கவனிப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கும் நடந்தது தெரியும். ஜோன் டி மெல் 1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ, தீர்ப்புக் கூறாது செவிமடுத்தல் என்ற ஒன்றையே தன் பணியாகக் கொண்டது; தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை நோயாளர் மட்டுமன்றிப் பெற்றோரும் அழைக்கலாம். இத்தகைய சேவைகள் தாய்மொழியில், எந்நேரமும், எல்லா மாவட்டங்களிலும் கிடைக்க வேண்டும் என்பது ஒரு மொழியுரிமைக் கோரிக்கையும் ஆகும். துயரத்தை இரண்டாம் மொழியில் சொல்லச் சொல்வது அதனைப் பாதியாகச் சொல்லச் சொல்வதாகும்.

தமிழ்ச் சிறுகதையாளரிடமும் நாம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்விழிக்கும் மகளோடு கதையை முடிக்காது, அங்கிருந்து தொடங்கலாம். வீடு திரும்பிய முதல்நாள் மேசையில் என்ன சமைத்து வைப்பது என்று தாய் தடுமாறுவதையும், குளியலறைக் கதவு பூட்டப்படும் ஒலிக்கு இருவரும் ஒருசேரத் திரும்புவதையும், நான்காம் மாடிக்காரி லிப்டில் கண்டு 'பிள்ளைக்கு இப்ப எப்படி' என்று மட்டும் கேட்டுவிட்டு, மாலையில் இடியப்பத்தோடு வந்து கதவைத் தட்டுவதையும் எழுதுவதற்கு யதார்த்தவாதத்தில் ஏராளமாக இடமுண்டு. தந்தையின் பகுதியை எழுதுபவர் திங்கட்கிழமை காலையை எடுத்துக்கொள்ளட்டும். அவர் மூன்று நாள் வேலைக்குச் செல்லவில்லை. அலுவலகத்துக்கு ஒரு விடுமுறைக் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் காரணம் என்று ஒரு கோடு இருக்கின்றது.